காணி வாங்கியவர்கள்

1

இந்த நாட்டில் ஒருவர் செத்துப்போனால் செத்துப்போனார் என்று லேசில் சொல்லமாட்டார்கள். வாளியை உதைத்தார் என்பார்கள். சூதாட்ட மேசையில் கையிலிருந்த வில்லைகளைக் காசாக்கிக்கொண்டு எழும்பிவிட்டார் என்பார்கள். காணி வாங்கிவிட்டார் என்றும் சொல்வார்கள். இந்தக் கடைசிச் சொல்லில் நான் மாட்டுப்பட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்களின் தெருப்பேச்சு எங்கே பிறந்தது என்று தேடித் திரியும் கிறுக்கு அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடித்தது.

ஒஹையோ மாநிலத்தில் வாகன உதிரிப்பாகங்களை அடுக்கி வைக்கும் ஒரு பெரிய வெயார்ஹவுஸில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். என்னோடு வேலை செய்யும் ரேமண்ட், அலபாமாவிலிருந்து வந்த கறுப்பினத்தவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய பர்ஸில் ஒரு பழைய படத்தைக் கண்டேன். விமானப்படை உடுப்பில் ஓர் இளைஞன். யார் என்று கேட்டேன்.

“என் அண்ணன். வியட்நாமில் காணி வாங்கிவிட்டான்” என்றார்.

நான் மன்னாருக்குப் பக்கத்தில் இருக்கும் முசலிக்காரன். எங்கள் பக்கத்தில் ஒருவர் காணி வாங்கினார் என்றால் அதைவிடப் பெரிய செய்தி இல்லை. தொண்ணூறில் சண்டைக்காலத்தில் இயக்கக்காரர்களால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வருசக்கணக்காக இருந்துவிட்டுத் திரும்பிப் போன முஸ்லிம்கள் நாங்கள். எனக்கு லொத்தர்க் குலுக்கலில் கிரீன் கார்ட் விழுந்து நான் இந்தப் பக்கம் வர, வாப்பா ஊருக்குத் திரும்பினார். வயலும் வளவும் காடாகிக் கிடந்தன. அந்த வயதில் கத்தியைத் தூக்கிக்கொண்டு அவர் காடு வெட்டினார். ஆகவே ரேமண்ட் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல்.

“மிச்சம் சந்தோசம்! எத்தனை ஏக்கர்? தண்ணீர் வசதி இருக்கிறதா?” என்று கேட்டேன்.

ரேமண்ட் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “ஆறடிக்கு மூன்றடி” என்றார்.

எனக்கு விளங்கியபோது சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழும்பினேன். மன்னிப்புக் கேட்டேன், மறுபடியும் கேட்டேன். அவர் கையை வீசினார். அண்ணன் செத்து இத்தனை வருசத்தில் அவனைப் பற்றி எவரும் தன்னைச் சிரிக்க வைத்ததில்லை என்றார். பிறகு அந்தச் சொல்லின் கதையைச் சொன்னார். விமானமோட்டும் பொடியன்கள் சண்டை முடிந்தால் ஊருக்குப் போய் ஒரு காணி வாங்கி இருந்துவிடுவேன் என்று ஓயாமல் சொல்லிக்கொள்வார்களாம். அப்படிச் சொன்னவன் விழுந்து செத்தால் மற்றவர்கள், அவன் வாங்கிவிட்டான் என்பார்களாம்.

அன்று வீட்டுக்குப் போய் என் மகள் ஹஸ்னாவிடம் சொன்னேன். அவள் உடனே போனில் தேடிப் பார்த்தாள். “அது ஒரு கதைதான் வாப்பா. செத்தவனின் காப்புறுதிக் காசில வீட்டாக்கள் காணிக் கடனைக் கட்டினதால வந்ததெண்டும் இருக்கு. சரியா ஒருத்தருக்கும் தெரியாது” என்றாள்.

2

எனக்கு இது ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தில் தொடங்கியதுதான்.

வந்த புதிதில் குடிவரவுக் கந்தோரில் என் விரல் அடையாளம் எடுத்த பெண், “யூ ஆர் ஆல் செட்” என்றாள். எல்லாம் வைத்தாயிற்று என்றுதான் எனக்கு விளங்கியது. யார், எதை, எங்கே வைத்தார்கள்? நான் கதிரையில் உட்கார்ந்தபடியே இருந்தேன். அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். வாசலில் நின்ற காவலாளி என் பக்கம் திரும்பினான். என் கடதாசிகளில் ஏதோ பிழை கண்டுபிடித்துவிட்டார்கள், இனித் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றே நினைத்தேன். வெளியே வந்தபோது என் மனைவி ஸரீனா என்னவாம் என்று கேட்டாள். தெரியாது என்றேன். வேலை முடிந்தது, நீங்கள் போகலாம் என்பதற்கு இவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும்வரை எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

அதிலிருந்து ஒரு சொல் புதிதாகக் காதில் விழுந்தால் அதன் தாய் தகப்பன் யார் என்று விசாரிக்காமல் விடமாட்டேன். விசாரித்ததில் நிம்மதி வந்ததா என்று கேட்டால், இல்லை. எங்கள் மேற்பார்வையாளன் பலகையில் தினமும் ‘டெட்லைன்’ என்று எழுதுவான். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஒரு சிறைமுகாமில் பிறந்த சொல்லாம் அது. வேலிக்கு உள்ளே ஒரு கோடு. கைதி அதைத் தாண்டினால் சுடுவார்கள். எங்களுக்கும் தொண்ணூறில் ஒரு நேரம் குறித்துத் தந்து, அதற்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். மேற்பார்வையாளன் கேட்பது பிரேக் கட்டைப் பெட்டிகளைத்தான். ஆனாலும் அந்தச் சொல்லைப் பலகையில் கண்டால் இன்றைக்கும் வாசல் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன்.

சிரிக்கவும் சில கிடைத்தன. தெருவைக் கண்டபடி கடப்பவனை ‘ஜேவாக்கர்’ என்பார்கள். ‘ஜே’ என்றால் பட்டணத்துக்கு வந்து முழிக்கும் பட்டிக்காட்டான். மன்னார் பஸ் நிலையத்துக்கு முன்னால் நடுத்தெருவில் நின்று யோசிக்கும் கழுதைகளை நான் நினைத்துக்கொண்டேன். நானும் அந்தத் தெருவில் நடந்து பழகியவன்தான். ‘லாங் டைம் நோ சீ’ என்று ஒருவர் என்னிடம் சொன்னபோது, என் இங்கிலீசைக் கிண்டல் செய்கிறார் என்று கோபம் வந்தது. ஆனால் அது சீனக் குடியேறிகளோ செவ்விந்தியரோ தட்டுத்தடுமாறிப் பேசியதை வெள்ளைக்காரர்கள் கேலிக்குச் சொல்லிச் சொல்லி, கடைசியில் தாங்களே பேசத் தொடங்கிவிட்ட சொல்லாம். அன்று முழுக்க எனக்கு நல்ல சந்தோசம்.

ஹஸ்னாவுக்கு இதெல்லாம் அலுப்பு. அவள் பேசுவதில் பாதி எனக்கு விளங்காது. அவளும் ஸரீனாவும் பேசும்போது முக்கால்வாசி தமிழ் வரும். என்னோடு பேசும்போது பாதி வரும். அவளுடைய தோழிகள் வந்தால் அதுவும் ஓடிவிடும். சத்தியமாகச் சொல்கிறேன் என்பதற்கு அவள் ‘நோ கேப்’ என்பாள். தன் வயதுக்காரர்கள் கண்டுபிடித்த சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ரேமண்டிடம் கேட்டேன். அவர் சிறுவனாக இருந்தபோதே அலபாமாத் தெருக்களில் வாய்வீச்சு வீசுவதை ‘கேப்’ என்பார்களாம். அதைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. “எங்களுக்கெண்டு ஒண்டையும் விடமாட்டீங்களா வாப்பா?” என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அவள் முழுத் தமிழில் பேசுவது ஒரே ஒருவரோடுதான். ஊரில் இருக்கும் என் வாப்பாவோடு. எங்கள் வீடுகளில் தகப்பனை வாப்பா என்றும் தகப்பனின் தகப்பனை அப்பா என்றும் கூப்பிடுவோம். வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் அவளும் அவளுடைய அப்பாவும் யானை வந்ததா, மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

3

எங்கள் ஊரிலும் செத்தால் செத்தார் என்று சொல்வதில்லை. அதாவது, வெளிநாட்டில் இருப்பவனுக்குச் சொல்வதில்லை. அவனுக்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் கொஞ்சம் சுகமில்லை என்பார்கள். அடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறது என்பார்கள். பிறகு கொஞ்சம் கஷ்டம்தான் என்பார்கள். அவன் தனியாக நிற்கிறானா, பக்கத்தில் ஆள் இருக்கிறதா, சாப்பிட்டானா என்று பார்த்துப் பார்த்து இறக்குவார்கள். அன்பினால் செய்வதுதான். நானும் புத்தளத்தில் இருந்த காலத்தில் கட்டாரிலும் சவூதியிலும் இருந்த எத்தனையோ பேருக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் எங்களில் மையித்தை, இறந்தவரின் உடலை, வைத்துக்கொண்டிருப்பதில்லை. காலையில் மவுத்தானால் பின்னேரத்துக்குள் அடக்கிவிடுவோம். கடல் கடந்து இருக்கிற மகனுக்காக யாரும் காத்திருக்க முடியாது. அவனும் எதிர்பார்க்கமாட்டான்.

உம்மாவின் செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. “உம்மாக்குக் கொஞ்சம் சுகமில்ல தம்பி, மன்னாருக்குக் கொண்டு போயிருக்கு” என்றாள் என் ராத்தா. அவள்தான் என் ஒரே உடன்பிறப்பு, உம்மா வாப்பாவோடு இருப்பவள். அன்று முழுக்க நான் தொழுதேன். யா அல்லாஹ், என் உம்மாவுக்குச் சுகத்தைக் கொடு என்று கேட்டேன். பெட்டிகளைத் தூக்கும்போதும் கேட்டேன், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கேட்டேன். மறுநாள்தான் தெரிந்தது, ராத்தா பேசியபோதே உம்மாவை அடக்கி முடித்திருந்தார்கள் என்று. மண்ணுக்குள் இருக்கிற மனுசிக்கு நான் ஒரு பகல் முழுக்கச் சுகம் கேட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் எனக்கு ராத்தாவில் கோபம் வரும். அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து ஊரிலிருந்து போன் அடித்தால் உட்கார்ந்துகொண்டுதான் எடுப்பேன்.

4

போன வருசம், முன்பு உம்மா மவுத்தாகிய அதே மாதத்தில், காலைத் தேநீர் நேரத்தில் ராத்தாவின் குரல்பதிவு ஒன்று வந்திருந்தது. அங்கே அப்போது இருட்டியிருக்கும்.

“தம்பி, வாப்பாக்குக் கொஞ்சம் சுகமில்ல. நீ ஒண்டுக்கும் யோசிக்காத. வேலையைப் பாரு. நாளைக்குப் பேசுறன்.”

தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். திருப்பித் திருப்பிக் கேட்டேன். கொஞ்சம் என்றால் கொஞ்சமில்லை என்று எனக்குத் தெரியும். யோசிக்காத என்றால் யோசிக்க ஏதோ இருக்கிறது. நாளைக்கு என்றால் அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். குரலுக்குப் பின்னால் கதிரைகள் இழுபடும் சத்தமும் கேட்டது. அந்த நேரத்தில் வீட்டில் எதற்குக் கதிரை இழுக்கிறார்கள்? மையித்து வீட்டுக்குத்தான் அப்படிக் கதிரை கொண்டுவந்து போடுவார்கள்.

ராத்தாவுக்கு எடுத்தேன். போன் நிறுத்தியிருந்தது. வாப்பாவுக்கு எடுக்கப் போய், விரலை எடுத்துவிட்டேன். அவருடைய போனை வேறு யாராவது எடுத்தால் அந்தக் குரலை நான் எப்படிக் கேட்பேன்?

ரேமண்ட் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். செய்தியை அப்படியே சொன்னேன். “அவ்வளவுதானே? உன் தகப்பனார் காலநிலைக்குக் கீழே இருக்கிறார்” என்றார். உடம்பு சரியில்லை என்பதற்கு இவர்கள் சொல்வது அது. கப்பலில் நோய் கண்டவனைக் காற்றும் மழையும் படாத கீழ்த்தட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்களாம், அதிலிருந்து வந்ததாம். மற்ற நாளென்றால் நான் அதைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். அன்று ‘கீழே’ என்பது மட்டும்தான் என் காதில் நின்றது.

புத்தளத்தில் எங்கள் மாமாவின் மகன் கபூர் மச்சான் துணிக்கடை வைத்திருக்கிறார். ஊரில் என்ன நடந்தாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும். அவருக்கு எடுத்தேன். இப்படிப்பட்ட விசயத்தை நேராகக் கேட்பது மரியாதையில்லை. கேட்டுப் பழக்கமும் இல்லை.

“மச்சான், எப்பிடிச் சுகம்?”

“அல்ஹம்துலில்லாஹ். என்ன இந்த நேரத்தில?”

“சும்மாதான். ஊர்ப்பக்கம் ஏதும் கேள்விப்பட்டீங்களா?”

“இல்லையே. ஏன்?”

“இல்ல... வாப்பாக்குக் கொஞ்சம் சுகமில்லையாம்.”

அந்தப் பக்கம் கடை ரேடியோவை நிறுத்துவது கேட்டது. பிறகு அவருடைய குரல் மெதுவாக வந்தது. “ஆரு சொன்ன?”

“ராத்தா.”

“அப்பிடியா... சரி மச்சான். நீங்க மனசத் தளர விடாதீங்க. தூரத்தில இருக்கிறீங்க. இஞ்ச எல்லாத்தையும் நாங்க பாத்துக்கொள்ளுறம்.”

அதோடு முடிந்தது. கபூர் மச்சானுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் மறைக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். ஃபோர்க்லிஃப்ட்டை ஓரமாக நிறுத்திவிட்டு லீவு சொல்லப் போனேன். மேற்பார்வையாளன் காரணம் கேட்டான். தகப்பனுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்றேன். தடிமன் காய்ச்சலா என்று கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

5

வீட்டுக்கு வந்ததும் ஸரீனா என் முகத்தைப் பார்த்தே அழத் தொடங்கினாள். நான் கைகால் கழுவி ஒளூச் செய்துகொண்டு தொழுகைப் பாயில் இருந்தேன். கையை ஏந்தினேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. உயிரோடு இருக்கிறவருக்குச் சுகம் கேட்பதா, மவுத்தானவருக்குப் பாவமன்னிப்புக் கேட்பதா? உம்மாவுக்குக் கேட்டது போலப் பிழையாகக் கேட்டுவிடக் கூடாது. உயிரோடு இருக்கிற வாப்பாவுக்கு மவுத்தானவரின் துஆவைக் கேட்டுவிட்டால் அது அதைவிடப் பாவம். ஏந்திய கையோடு ஒன்றும் கேட்காமல் இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்து நான் இருந்ததில்லை.

ஹஸ்னா பள்ளிக்கூடத்தால் வந்தாள். நாங்கள் இருக்கிற கோலத்தைப் பார்த்து ஸரீனாவிடம் விசாரித்தாள். பிறகு குரல்பதிவைக் கேட்டாள்.

“இதில என்ன இருக்கு? கொஞ்சம் சுகமில்ல எண்டா கொஞ்சம் சுகமில்ல. நோ கேப்.”

“உனக்கு விளங்காது மகள். எங்கட ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவாங்க.”

“அப்ப உண்மையிலேயே கொஞ்சம் சுகமில்லாட்டி என்னெண்டு சொல்லுறது?”

யோசித்துப் பார்த்தால் அதற்கு எங்களிடம் ஒரு வழியுமே இல்லை. வெளிநாட்டில் இருப்பவனிடம் தகப்பனுக்குத் தடிமன் என்று சொல்லி நம்பவைக்க யாராலும் ஏலாது.

ஹஸ்னா எங்களைச் சாப்பிட வைக்கப் பார்த்தாள், முடியவில்லை. இரவாகிவிட்டது. திரும்பவும் ராத்தாவுக்கு எடுத்தேன், கிடைக்கவில்லை. அங்கே விடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துவிட்டு, நான் கையை நீட்டித் தடுக்குமுன் ஹஸ்னா தன் போனில் நேரே வாப்பாவுக்கு வீடியோ எடுத்துவிட்டாள். மணி அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஹஸ்னாக் குட்டி!” என்று வாப்பாவின் குரல் கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன். கழுத்தில் துவாய், மூக்குச் சிவந்து, குரல் அடைத்திருந்தது. “வாப்பா இருக்கானா பக்கத்தில? கூப்பிடு. இஞ்ச வந்து பாக்கச் சொல்லு, என்ட மையித்துக்கு எவ்வளவு சனம் வந்திருக்கெண்டு!”

நடந்தது இதுதான். வாப்பாவுக்கு நல்ல தடிமன். ராத்தா அதைத்தான் சொன்னாள். அடுத்த நாள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வருவதால் கதிரைகளை ஒதுக்கினாள். பிறகு போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, கரண்டும் இல்லை. கபூர் மச்சானோ, நான் அவருக்கு மவுத்துச் செய்தியைத்தான் மெல்ல இறக்குகிறேன் என்று எடுத்துக்கொண்டார். உயிரோடு இருக்கிற தகப்பனைப் பற்றி எவன் அமெரிக்காவிலிருந்து அந்தக் குரலில் பேசுவான் என்று பிறகு என்னிடமே கேட்டார். அவர் புத்தளத்துச் சொந்தக்காரர் எல்லோருக்கும் சொன்னார். மையித்து வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, சொந்தக்காரர்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும். ஆகவே இராத்திரியோடு சோறாக்கி, இரண்டு வான் வண்டி பிடித்து, விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பின் முசலியில் வந்து இறங்கியிருக்கிறார்கள்.

கொத்தமல்லித் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற வாப்பா, பெண்கள் அழுதுகொண்டு இறங்குவதைப் பார்த்துப் பதறிப்போய், “ஆரு மவுத்து?” என்று கேட்டாராம். ஒரு மாமி திரும்பி வானுக்குள்ளேயே ஓடிவிட்டாராம். கபூர் மச்சான் கக்கத்தில் ஒரு பார்சலோடு மரமாக நின்றிருக்கிறார். அது அவருடைய கடையிலிருந்து கொண்டுவந்த, மையித்துக்குச் சுற்றுகிற கபன் துணி.

“சோறு ஆறுது, சஹனில போடுங்க” என்றாராம் வாப்பா. தன் மையித்து வீட்டுச் சோற்றைத் தானே ஐந்து பேரோடு ஒரு தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். கபூர் மச்சான் பார்சலை மறைத்து வானில் வைக்கப் போனபோது வாப்பா கண்டுவிட்டார். “கொண்டு வந்ததத் திருப்பிக் கொண்டு போகாத மகன். உள்ளுக்கு அலுமாரியில வை. ஒருநாளைக்குத் தேவதானே” என்றார்.

ஹஸ்னா நிலத்தில் விழுந்து சிரித்தாள். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது.

போன் ராத்தாவின் கைக்கு வந்தது. “உனக்கு என்ன விசரா? வாப்பாக்குத் தடிமன் எண்டு சொன்னா ஊரையே கூட்டுறதா?”

“உம்மாக்கும் நீ இப்பிடித்தானே சொன்ன” என்றேன். சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது வாயால் வந்துவிட்டது.

அவள் போனோடு அறைக்குள் போனாள். பின்னால் சனங்களின் சத்தம் குறைந்தது.

“ராத்தா, இனி எனக்கு எதெண்டாலும் நேராச் சொல்லு. சுத்தி வளைக்காத. நல்லதோ கெட்டதோ, முதல் சொல்லிலயே சொல்லு.”

“சரி தம்பி. அப்பிடியே சொல்லுறன்” என்றாள். அவளுடைய குரல் மாறியிருந்தது.

ரேமண்டிடம் அடுத்த நாள் முழுக்கதையையும் சொன்னேன். அவர் அலபாமாவில் தன் பாட்டன் பூட்டன் காலத்துக் கதை ஒன்றைச் சொன்னார். எழுத வாசிக்க அனுமதிக்கப்படாத அடிமைகள் ஒரு தோட்டத்திலிருந்து மற்றத் தோட்டத்துக்கு வாயாலேயே செய்தி அனுப்புவார்களாம். வாய்வழியாக ஒரு செய்தி காதில் விழுந்தால் திராட்சைக் கொடியில் கேட்டேன் என்று இன்றைக்கும் சொல்வது அதிலிருந்துதான் என்றார். தந்திக் கம்பியிலிருந்து வந்தது என்று வேறு சிலர் சொல்வதை அவர் ஏற்றுக்கொள்ளமாட்டார். “உங்கள் கொடி எங்கள் கொடியைவிட வேகம்” என்றார்.

6

அதற்குப் பிறகு வாப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒன்றையே கேட்டார். “வந்து முகத்தக் காட்டிட்டுப் போவன் மகன்.”

அடுத்த வருசம் என்றேன். கடவுச்சீட்டின் காலம் முடிந்திருந்தது. புதியதற்கு அனுப்பினால் ஒரு படம் சரியில்லை என்று திரும்பி வந்தது. வெயார்ஹவுஸில் லீவு கேட்டால் ஆளில்லை என்றார்கள். ஹஸ்னாவுக்கு வேறு நகரத்தில் கல்லூரி கிடைத்து, அவளைக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. எல்லாமே உண்மையான காரணங்கள். அதுதான் கஷ்டம், பொய்யாக இருந்தால் எப்போதோ வெட்கப்பட்டுப் போயிருப்பேன்.

வாப்பாவைச் சமாளிக்க ஒருநாள் ‘ரெயின் செக்’ பற்றிச் சொன்னேன். பேஸ்போல் ஆட்டத்தை மழை நிறுத்தினால், பார்க்க வந்தவர்கள் தாங்கள் வாங்கிய சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து வேறொரு நாள் வரலாம். அதனால் இப்போது ஏலாது, கட்டாயம் பிறகு என்பதற்கு இவர்கள் அந்தச் சொல்லைச் சொல்வார்கள் என்றேன்.

வாப்பா யோசித்தார். “எங்கட பக்கம் மழ பெஞ்சாத்தானேடா ஆட்டமே தொடங்கும்?” என்றார். மானாவாரி வயல்காரர் வேறென்ன சொல்வார்? ஆனாலும் அந்தச் சொல் அவருக்குப் பிடித்துவிட்டது. பிறகு ஒவ்வொரு முறையும் பேசி முடிக்கும்போது, “சீட்டத் துலைச்சிடாத மகன்” என்று சொல்லித்தான் போனை வைப்பார்.

7

வாப்பா காணி வாங்கிவிட்டார். ரேமண்டின் பாஷையில் சொல்கிறேன். என் பாஷையில் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம், நானும் ஸரீனாவும் மாலைச் சாப்பாட்டில் இருந்தபோது போன் அடித்தது. ராத்தா. சலாம் சொல்லவில்லை, சுகம் கேட்கவில்லை.

“தம்பி, வாப்பா மவுத். சுபஹுக்கு எழுப்பப் போனன், எழும்பல்ல. பகல் லுஹரோட அடக்கம்.”

அவ்வளவுதான். நான் கேட்டபடியே சொன்னாள். அவளைச் சுற்றி அப்போது ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லுமுன் எனக்கு எடுத்திருக்கிறாள். வாக்குக் கொடுத்தபடி முதல் சொல்லிலேயே சொன்னாள்.

நேரான சொல்லைக் கேட்டால் மனம் ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. உம்மாவுக்கு நான் ஒரு பகல் முழுக்கச் சுகம் கேட்டேனே, அந்தப் பகலில் எனக்கு உம்மா இருந்தார். வாப்பாவுக்கு அப்படி ஒரு மணித்தியாலமும் கிடைக்கவில்லை. அவரை அடக்கும்வரை எங்கே குளிப்பாட்டுகிறார்கள், எப்போது தூக்குகிறார்கள் என்று எல்லாம் தெரிந்துகொண்டு சமையலறைக் கதிரையில் இருந்தேன். மவுத்தானவருக்குக் கேட்கிற துஆவைத்தான் கேட்டேன். இந்த முறை பிழையாகக் கேட்கவில்லை. ராத்தாவில் எனக்கு இருந்த கோபமும் அன்றோடு போய்விட்டது.

எல்லாம் முடிந்த பிறகு அவள் மீண்டும் எடுத்தாள். “கபூர் மச்சான் அண்டைக்குக் கொண்டு வந்த துணிதான் தம்பி. அலுமாரியில அப்பிடியே இருந்திச்சு” என்றாள்.

காலையில் ஹஸ்னாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று அவளுக்குப் பரீட்சை. தனியறை, பக்கத்தில் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இங்கிலீசில் சொல்வதா தமிழில் சொல்வதா என்று பார்த்தேன். என்னிடம் இருந்த சொற்களில் ஒன்றுகூட உதவவில்லை. அப்பா மவுத்தாகிட்டாங்க மகள் என்று குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகினேன். பிறகு எடுத்தேன்.

“ஹேய் வாப்பா, வாட்ஸ் அப்?” என்றாள். பின்னால் கல்லூரிப் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“ஹஸ்னா, சாப்பிட்டியா மகள்?”

“ம். என்ன, இந்த நேரத்தில?”

“ஒண்டுமில்ல. அப்பாக்குக் கொஞ்சம் சுகமில்ல. நீ யோசிக்காத. சோதினையச் செய். பிறகு பேசுறன்.”

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயால் என்ன வந்தது என்று எனக்கே கேட்டது.

அவள் நடக்கும் சத்தம் வந்தது. ஒரு கதவு சாத்தப்பட்டது. பிள்ளைகளின் சிரிப்பு நின்றுபோனது. பிறகு, வெள்ளிக்கிழமைகளில் அவள் பேசும் அந்தத் தமிழில், மெதுவாகக் கேட்டாள்.

“அடக்கியாச்சா, வாப்பா?”